“சும்மாதான் இருந்தேன் மிஸ்”: வகுப்பறைப் பேச்சைக் குறியிட்டுப் படிப்பது எப்படி?

தன் வகுப்பைத் தானே ஆராய்ந்து பார்க்கலாம் என்று ஓர் ஆசிரியர் இறங்கினால் முதல் சில வாரங்கள் உற்சாகமாகப் போகும். வகுப்பு முடிந்ததும் நோட்டில் எழுதுவார். நான்கைந்து மாணவர்களை உட்காரவைத்துப் பேசிப் பதிவு செய்வார். மணி அடிப்பதற்கு முன் துண்டுச்சீட்டு கொடுத்து, “இன்றைக்கு எது குழப்பமாக இருந்தது?” என்று எழுதி வாங்குவார். அப்புறம் ஒருநாள் எல்லாம் மேசைமேல் குவிந்து கிடக்கும். அறுபது பக்கக் குறிப்பு, மூன்று மணி நேர ஒலிப்பதிவு, ரப்பர் பேண்ட் போட்ட சீட்டுக் கட்டுகள். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் பல நல்ல ஆய்வுகள் இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன.

மதிப்பெண்ணாக இருந்தால் கூட்டலாம், வகுக்கலாம், சராசரி எடுக்கலாம். ஒரு பிள்ளை சொன்ன வாக்கியத்துக்குச் சராசரி கிடையாது. அதற்கென்று இருக்கும் வழிதான் குறியிடுதல். ஆராய்ச்சி செய்பவர்கள் பேச்சில் ‘கோடிங்’ என்பார்கள். கணினிக்கு நிரல் எழுதுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. தரவின் ஒரு சின்னத் துண்டை எடுத்து, “இங்கே என்ன நடக்கிறது?” என்று கேட்டு, அந்தப் பதிலை இரண்டு மூன்று சொல்லில் பக்கத்தில் எழுதி வைப்பதுதான் குறியிடுதல். அந்த இரண்டு மூன்று சொல்தான் குறியீடு. எண்ணாக இல்லாமல் பேச்சாக, எழுத்தாக, நடத்தையாகக் கிடைக்கும் இந்த மாதிரித் தரவைப் பண்புசார் தரவு என்கிறோம்.

வேலை இவ்வளவுதான் என்றால் ஏன் கஷ்டமாக இருக்கிறது? ஆசிரியருக்கு வகுப்பு ஏற்கெனவே தெரியும் என்பதால். யார் படிப்பார், யார் வாயாடுவார், யார் தூங்குவார் என்ற தீர்ப்பு மனதுக்குள் தயாராக இருக்கிறது. சீட்டுக் கட்டைப் பிரித்தால் அந்தத் தீர்ப்புக்கு ஆதாரமானது மட்டும் கண்ணில் படும். குறியிடுதலின் உண்மையான பயன், அந்த வேகத்தைக் குறைப்பது. நீங்கள் நினைத்தது தப்பு என்று சொல்ல ஒரு பிள்ளையின் வாக்கியத்துக்கு அது வாய்ப்புக் கொடுக்கிறது.

எங்கிருந்து வந்தது

பிரச்சினையில் இருப்பவர்களே அதை ஆராய்ந்து, ஒரு மாற்றம் செய்து பார்த்து, விளைவைக் கவனித்து மறுபடி திட்டமிடும் முறைக்குச் ‘செயல் ஆராய்ச்சி’ என்று பெயர். 1940களில் சமூக உளவியலாளர் கர்ட் லெவின் இந்தச் சுற்றை விவரித்தார். ஆசிரியரே ஆராய்ச்சியாளர் என்ற கருத்தை 1975இல் இங்கிலாந்தில் கல்வியாளர் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் வலுவாக முன்வைத்தார்.

குறியிடும் முறையின் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது. 1960களில் பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் அமெரிக்க மருத்துவமனைகளில் சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளைச் சுற்றி நடப்பதைக் கவனித்தார்கள். யாருக்கு என்ன தெரியும், யார் யாரிடம் மறைக்கிறார்கள் என்பதுதான் அவர்கள் பார்த்தது. சில வார்டுகளில் நோயாளிக்கும் தெரியும், நர்சுக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு பேரும் தெரியாததுபோல நடந்துகொள்வார்கள். முன்கூட்டியே ஒரு கோட்பாட்டை வைத்துக்கொண்டு போயிருந்தால் இது சிக்கியிருக்காது என்று இருவரும் நினைத்தார்கள். தரவை வரிவரியாகப் படித்து, ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுக்கொண்டே போய், அதிலிருந்து கோட்பாட்டைக் கட்டும் முறையை 1967இல் எழுதி வெளியிட்டார்கள். இன்று நாம் செய்யும் குறியிடுதலில் பெரும்பகுதிக்கு வேர் அங்கே இருக்கிறது.

எனக்கு இந்தக் கதை பிடித்ததற்குக் காரணம் உண்டு. “புரிஞ்சுதா?” என்று ஆசிரியர் கேட்பதும் “புரிஞ்சுது மிஸ்” என்று முழு வகுப்பும் சொல்வதும், புரியவில்லை என்று இரு தரப்புக்கும் உள்ளூரத் தெரிந்திருப்பதும் அந்த வார்டிலிருந்து ரொம்ப தூரத்தில் இல்லை.

ஒரே ஒரு உதாரணம்

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தைத் தொடர்வோம். ஓர் எட்டாம் வகுப்புக் கணித ஆசிரியை இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கேள்வி: “சந்தேகம் இருந்தும் சில மாணவர்கள் ஏன் கேட்பதில்லை?”

கேள்வியை இப்படி ஒரே வரியில் எழுதிக் கண்முன் ஒட்டிவைப்பது முக்கியம். குறியிடும்போது வழி தவறுவது மிகச் சுலபம். ஒரு மாணவன் மதிய வெயில், உடைந்த விசிறி, பக்கத்து வகுப்புச் சத்தம் என்று அடுக்கினால் எல்லாவற்றுக்கும் குறியீடு போடத் தோன்றும். கேள்வியைத் தொடாததை ஓரத்தில் குறித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

ஆசிரியையின் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கிறது:

“மூன்றாம் வரிசை, ஜன்னல் ஓரம் இருப்பவள் கவனிக்கவே இல்லை. அலட்சியம்.”

இதைக் குறியிட முடியாது. ஏற்கெனவே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ‘அலட்சியம்’ ஆசிரியையின் முடிவு. அவர் கண்ட காட்சி அதில் இல்லை. அடுத்த வாரம் அவர் எழுதியதைப் பாருங்கள்:

“‘புரிஞ்சுதா?’ என்று கேட்டேன். எல்லோரும் ‘புரிஞ்சுது’ என்றார்கள். ஜன்னல் ஓரம் இருப்பவளின் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடத்துக்குமுன் சீவிய அதே பென்சில்.”

இதில் வேலை செய்ய இடம் இருக்கிறது. வாய் அசைந்தும் குரல் வராததற்கு ஒரு குறியீடு போடலாம்: ‘கூட்டத்தோடு சேர்ந்து ஆமாம் போடுவதுபோல் காட்டுதல்’. பென்சிலுக்கு இன்னொன்று: ‘கைக்கு வேலை கொடுத்து நேரத்தைக் கடத்துதல்’. தரவு நன்றாக இல்லாவிட்டால் பிற்பாடு எந்த முறையும் அதைக் காப்பாற்றாது. ஆகவே வகுப்பில் எழுதும்போதே கண்டதும் கேட்டதும் ஒரு பக்கம், உங்கள் எண்ணம் இன்னொரு பக்கம் என்று நோட்டை இரண்டாக மடித்து எழுதுங்கள். எண்ணத்தைத் தூக்கி எறிய வேண்டாம், அதற்கும் பின்னால் வேலை இருக்கிறது.

ஒலிப்பதிவை எழுத்தாக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு அப்படியே எழுத, தெளிவான பதிவுக்கே நான்கைந்து மணி நேரமாவது போகும். வகுப்பு இரைச்சலில் எடுத்ததென்றால் இன்னும் கூடும். அதனால் முழுப் பதிவையும் ஒருமுறை கேட்டு, கேள்வியோடு தொடர்புள்ள பகுதிகளை மட்டும் எழுத்தாக்கினால் போதும். ஆனால் எழுதும் பகுதியைத் திருத்தாமல் எழுதுங்கள். பிள்ளை “தெரில மிஸ்... ஒரு மாதிரி இருக்கும்” என்றால் அது அப்படியே வரவேண்டும். “எனக்குத் தயக்கமாக இருக்கும்” என்று நல்ல தமிழில் மாற்றினால், குறியிடத் தொடங்குவதற்கு முன்பே நீங்கள் விளக்கம் கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

வரிவரியாக

இப்போது ஒரு நேர்காணல் துண்டு. ஜன்னல் ஓரத்து மாணவிதான் பேசுகிறாள். நோட்டில் வரிக்கு எண் போட்டிருக்கிறது.

12. புரியலைன்னா கையத் தூக்கணும்னு தெரியும் மிஸ்.
13. ஆனா எது புரியலைன்னு நீங்க கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.
14. அதான் சும்மா இருந்துடுவேன்.
15. பக்கத்துல இருக்கறவ நோட்டப் பார்ப்பேன்.
16. வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்னு தோணும். ஆனா வீட்ல யாருக்கும் இது தெரியாது.

முதலில் அவசரமாகக் குறியிட்டால் ஐந்து வரிக்கும் சேர்த்து ‘தயக்கம்’ என்று ஒரே சொல் விழும். அதோடு வேலை முடிந்தமாதிரி இருக்கும். ஆனால் தயக்கம் என்ற சொல் இந்தத் துண்டில் எங்குமே இல்லை. ஒவ்வொரு வரியாகப் போய்ப் பார்ப்போம்.

12ஆம் வரிக்கு ‘விதி தெரியும்’ என்று போடலாம். கேட்க வேண்டும் என்பது இவளுக்குத் தெரியாமல் இல்லை. “சந்தேகம் இருந்தா கேளுங்க” என்று ஆசிரியை நூறு முறை சொன்னதால் எதுவும் மாறாததற்குக் காரணம் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

13ஆம் வரிதான் இந்தத் துண்டின் உயிர். இங்கே குறியீட்டை நாமாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ‘எது புரியலைன்னு சொல்லத் தெரியாது’ என்று அவளுடைய சொல்லையே குறியீடாக வைத்துக்கொள்ளலாம். பேசியவரின் சொல்லை அப்படியே குறியீடாக்குவது அங்கீகரிக்கப்பட்ட முறைதான். குழந்தைகளின் பேச்சைப் படிக்கும்போது இதை அதிகம் பயன்படுத்துங்கள் என்பது என் கருத்து. பெரியவர்களின் சொல்லை அவர்கள் மேல் போர்த்துவதை அது கொஞ்சம் தடுக்கும்.

14ஆம் வரியில் ‘சும்மா’ என்ற சொல் வருகிறது. இதைக் கண்டால் நின்றுவிடுங்கள். நம் பேச்சில் சும்மாவுக்கு எத்தனை வேலை! வேலையில்லாமல் இருப்பது சும்மா. பேசாமல் இருப்பது சும்மா. காரணமில்லாமல் செய்வது சும்மா. விளையாட்டுக்குச் சொன்னதும் சும்மாதான். காசில்லாமல் கிடைத்ததும் அதே. ‘சும்மா இருந்துடுவேன்’ என்பதற்கு ‘செயலின்மை’ என்று குறியிட்டால் முதல் பொருளை எடுத்துக்கொண்டோம் என்று ஆகிறது. ஆனால் அடுத்த வரியிலேயே அவள் பக்கத்து நோட்டைப் பார்க்கிறாள். அப்படியானால் சும்மா இல்லையே! பேச்சு மட்டும்தான் நின்றிருக்கிறது, வேலை நடக்கிறது. இங்கே பொருத்தமான குறியீடு ‘குரலை நிறுத்திக்கொள்ளுதல்’. 15க்கு ‘சத்தமில்லாமல் உதவி தேடுதல்’.

16இல் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ‘தள்ளிப்போடுதல்’ ஒன்று, ‘வீட்டில் உதவி இல்லை’ இன்னொன்று. ஒரு வரிக்கு ஒரு குறியீடுதான் என்று சட்டம் இல்லை.

கவனித்தீர்களா, பெரும்பாலான குறியீடுகள் ‘நிறுத்திக்கொள்ளுதல்’, ‘தேடுதல்’, ‘கடத்துதல்’ என்று செயலாக முடிகின்றன. பெயராக எழுதினால் (‘பயம்’, ‘சோம்பல்’, ‘திறமைக் குறைவு’) பிள்ளைக்கு முத்திரை குத்தியதுபோல் ஆகிவிடும். செயலாக எழுதினால் அவர் என்ன செய்கிறார் என்பது கண்ணில் நிற்கும். ‘ஒரு மாதிரி இருக்கும்’ என்று ஒரு பையன் சொன்னால் அதற்கும் ‘பயம்’ என்று போட்டுவிடாதீர்கள். வெட்கமாக இருக்கலாம், கூச்சமாக இருக்கலாம், பேரே இல்லாத ஒன்றாகவும் இருக்கலாம். அப்படியே ‘ஒரு மாதிரி’ என்று குறித்து வைத்துவிட்டு, முடிந்தால் மறுநாள் அவனிடமே “ஒரு மாதிரின்னா எப்படிப்பா?” என்று கேளுங்கள். வெளியாள் ஆராய்ச்சியாளருக்கு இந்த வசதி கிடையாது. ஆசிரியருக்கு நாளைக்கும் அதே வகுப்பு இருக்கிறது.

குறியீட்டை முன்பே தீர்மானிக்கலாமா?

தீர்மானிக்கலாம், அதுவும் ஒரு முறைதான். குறியீட்டுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தரவுக்குள் போவது ஒரு வழி. தரவைப் படிக்கப் படிக்கக் குறியீடுகளை உருவாக்குவது இன்னொரு வழி.

முதல் வழிக்கு நல்ல உதாரணம் கல்வி ஆராய்ச்சியாளர் நெட் ஃபிளாண்டர்ஸ் உருவாக்கிய வகுப்பறை ஊடாட்டப் பகுப்பாய்வு. ஆசிரியப் பயிற்சியில் பலர் படித்திருப்பீர்கள். மொத்தம் 10 வகைகள். 7 வகை ஆசிரியர் பேச்சுக்கு, 2 வகை மாணவர் பேச்சுக்கு, கடைசி 1 வகை மௌனத்துக்கும் குழப்பத்துக்கும். வகுப்பில் உட்கார்ந்து 3 விநாடிக்கு ஒருமுறை எந்த வகை நடக்கிறது என்று எண்ணைக் குறித்துக்கொண்டே போவார்கள். யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள இது அருமையான கருவி.

ஆனால் நம் ஆசிரியையின் கேள்விக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பென்சில் சீவிய நிமிடம், பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்த நிமிடம், குரல் வராமல் வாய் மட்டும் அசைந்த நிமிடம் எல்லாமே பத்தாவது பெட்டிக்குள் போகும், இல்லை என்றால் பதிவே ஆகாது. கருவிமேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது வேறொரு கேள்விக்காகச் செய்யப்பட்டது. முன்கூட்டிய பட்டியல் எதுவானாலும், பெட்டி இருப்பதைத்தான் அது பார்க்கும்.

நடைமுறையில் பலரும் இரண்டையும் கலந்துதான் செய்கிறார்கள். கேள்வியிலிருந்து நேராக வரும் நான்கைந்து குறியீடுகளோடு தொடங்கி, மீதியைத் தரவு சொல்லச் சொல்லச் சேர்ப்பது வசதியாக இருக்கும். பொருந்தாத வரி வந்தால் பழைய குறியீட்டுக்குள் அதை அமுக்காமல் புதிய குறியீடு போடுங்கள். அது ஒன்றுதான் கண்டிப்பு.

குறியீட்டிலிருந்து கருப்பொருளுக்கு

ஐந்தாறு நேர்காணலும் ஒரு கட்டுச் சீட்டும் முடிவதற்குள் நாற்பது ஐம்பது குறியீடு சேர்ந்துவிடும். பயப்பட வேண்டாம், பாதி ஒன்றையொன்று திரும்பச் சொல்வதாக இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு சின்னச் சீட்டில் எழுதித் தரையில் பரப்புங்கள். எதெது பக்கத்தில் பக்கத்தில் உட்காரப் பார்க்கிறது என்று நகர்த்திப் பாருங்கள். கணினியில் செய்வதென்றால் விரிதாளில் ஒரு வரிக்கு ஒரு வரிசை வைத்து, குறியீடு எழுதிய நெடுவரிசையை வைத்து அடுக்கலாம். என்விவோ, அட்லஸ்.டிஐ மாதிரிக் கட்டண மென்பொருள்களும் டகெட் என்ற இலவச மென்பொருளும் இருக்கின்றன. ஒரு வகுப்பின் தரவுக்குப் பெரிய மென்பொருள் தேவைப்படாது. எந்த மென்பொருளும் உங்களுக்காக யோசிக்காது. எடுத்து அடுக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

நம் ஆசிரியை சீட்டுகளை நகர்த்தியபோது மூன்று குவியல்கள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். ஒரு குவியலில் ‘எது புரியலைன்னு சொல்லத் தெரியாது’, ‘கேள்வியை மனசுக்குள் சொல்லிப் பார்த்து விட்டுவிடுதல்’, ‘கேள்வி தப்பாக இருக்குமோ’. இன்னொன்றில் ‘நேரமாகிடும்னு மத்தவங்க முறைப்பாங்க’, ‘இதுகூடத் தெரியலையான்னு ஆயிடும்’. மூன்றாவதில் ‘சத்தமில்லாமல் உதவி தேடுதல்’, ‘இடைவேளையில் தோழியிடம் கேட்டல்’, ‘விடையைப் பார்த்து வழியை ஊகித்தல்’. இந்தக் குவியல்களை வகைகள் என்கிறோம். தற்காலிகமாக அவற்றுக்குப் பேர் வைக்கலாம்: கேட்க மொழி இல்லை, கேட்டால் என்ன ஆகும் என்ற கணக்கு, கண்ணுக்குத் தெரியாத உதவி.

இத்தோடு நிறுத்திவிடுபவர்கள் பலர். ‘மாணவர்கள் கேட்காததற்கு மூன்று காரணங்கள்’ என்று அறிக்கை எழுதி முடித்துவிடுவார்கள். கருப்பொருள் என்பது இன்னும் ஒரு படி மேலே. வகைகளுக்கு இடையே என்ன நடக்கிறது என்பதை ஒரு முழு வாக்கியமாகச் சொல்ல முடிய வேண்டும். ஆசிரியை எழுதிய வாக்கியம் இது: “கேட்காத மாணவர்கள் உதவி தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆனால் கேள்வியாக மாற்ற மொழி இல்லாததால், கேள்வி தேவைப்படாத இடங்களில் தேடுகிறார்கள்.” ‘தயக்கம்’ என்ற ஒற்றைச் சொல்லிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டார் பாருங்கள். தயக்கம்தான் பிரச்சினை என்றால் தைரியம் சொல்லலாம். மொழி இல்லாதது பிரச்சினை என்றால் மொழி கொடுக்க வேண்டும். வகுப்பில் செய்யவேண்டியதே மாறிவிடுகிறது.

இந்தக் கட்டத்தைப் பற்றி உளவியலாளர்கள் வர்ஜீனியா பிரானும் விக்டோரியா கிளார்க்கும் 2006இல் எழுதியது ஆரம்பநிலையில் இருப்பவர்களுக்கு மிகவும் உதவும். தரவோடு பழகுவதில் தொடங்கி அறிக்கை எழுதுவதுவரை ஆறு கட்டமாகப் பிரித்துக் காட்டினார்கள். அதைவிட முக்கியம் அவர்கள் வலியுறுத்திய ஒரு விஷயம்: கருப்பொருள்கள் தரவுக்குள் ஒளிந்துகிடந்து தாமாக எழுந்து வருவதில்லை, ஆராய்பவர்தான் அவற்றை உருவாக்குகிறார். ஆகவே “எனக்கு இப்படித் தெரிந்தது, இந்த வரிகளை வைத்து” என்று பொறுப்பேற்றுச் சொல்ல வேண்டும்.

நோட்டின் இன்னொரு பக்கத்தில் எழுதிவந்த எண்ணங்களுக்கு இங்கேதான் வேலை. குறியிடும்போது மனதில் ஓடுவதைத் தேதி போட்டு நாலு வரி எழுதி வையுங்கள். நினைவுக்குறிப்பு என்பார்கள். “14ஆம் வரியை முதலில் செயலின்மை என்று போட்டேன். 15ஐப் படித்ததும் மாற்றினேன். இவளைச் சோம்பேறி என்று முன்பே நினைத்திருந்தேனோ?” இப்படி எழுதிய குறிப்பு ஒன்று இருந்தால், பிற்பாடு உங்கள் முடிவை யாராவது கேள்வி கேட்டாலும் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தீர்கள் என்று காட்ட முடியும்.

எண்ணிப் பார்க்கலாமா? நம்பலாமா?

ஒரு குறியீடு எத்தனை முறை வந்தது என்று எண்ணுவதில் தப்பில்லை. ஆனால் அதிகம் வந்ததுதான் முக்கியமானது என்று முடிவு கட்டினால் சிக்கல். ‘வீட்டில் உதவி இல்லை’ என்பதை ஒரே ஒரு மாணவி சொல்லியிருக்கலாம். மற்றவர்களிடம் நீங்கள் வீட்டைப் பற்றிக் கேட்டிருக்கவே மாட்டீர்கள்.

நம்பகத்தன்மைக்குப் பல்கலைக்கழக ஆய்வுகளில் இரண்டு பேர் தனித்தனியாகக் குறியிட்டு, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிடுவார்கள். 1960இல் உளவியலாளர் ஜேக்கப் கோஹன் கொடுத்த கப்பா என்ற அளவு அதற்குப் பெயர்பெற்றது. ஆசிரியருக்கு அந்தக் கணக்கைவிட அதன் பின்னால் இருக்கும் உரையாடல்தான் தேவை. சக ஆசிரியர் ஒருவரிடம் இரண்டு பக்கத்தைக் கொடுங்கள், உங்கள் குறியீட்டைக் காட்டாதீர்கள். அவர் 13ஆம் வரிக்கு ‘சாக்குப்போக்கு’ என்று போட்டால் அதுதான் நல்ல நேரம். ஏன் அப்படித் தோன்றியது என்று உட்கார்ந்து பேசுங்கள். ஒத்துப்போன வரிகளைவிட ஒத்துப்போகாத வரிகளில் கற்க நிறைய இருக்கும்.

ஒரே விஷயத்தை நேர்காணல், உற்றுநோக்கல் குறிப்பு, சீட்டு என்று மூன்று பக்கமிருந்தும் சரிபார்ப்பது இன்னொரு வழி. மூன்றும் ஒன்றையே சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. நேர்காணலில் “எல்லாம் புரியும் மிஸ்” என்ற பையன் சீட்டில் வேறு எழுதியிருந்தால், அந்த முரணையும் குறியிடுங்கள். சொந்த ஆசிரியரே நேர்காணல் எடுக்கும்போது பிள்ளைகள் ஆசிரியருக்குப் பிடித்ததைச் சொல்லப் பார்ப்பார்கள். இதை எந்த முறையும் முழுதாகப் போக்காது. மதிப்பெண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று முதலிலேயே தெளிவாகச் சொல்வதும், பேர் எழுதாத சீட்டு வாங்குவதும் ஓரளவு உதவும். பெற்றோரிடமும் மாணவரிடமும் அனுமதி வாங்கிவிட்டுத்தான் பதிவு செய்யவேண்டும், வேண்டாம் என்று சொல்லவும் அவர்களுக்கு வழி இருக்க வேண்டும். குறிப்புகளில் பேருக்குப் பதில் எண் அல்லது மாற்றுப் பேர். பிள்ளைகளின் குரல் உள்ள கோப்பைக் கண்ட இணையச் செயலியில் ஏற்றி எழுத்தாக்கச் சொல்லாதீர்கள்.

கடைசியாக, உங்கள் கருப்பொருளை உடைக்கும் ஆளைத் தேடிப் போங்கள். நம் உதாரண வகுப்பில் ஒரு பையன் கணக்கில் மிகவும் பின்தங்கியவன், ஆனால் ஓயாமல் கேள்வி கேட்பான். மொழி இல்லாததால் கேட்பதில்லை என்ற விளக்கத்துக்கு இவன் அடங்க மாட்டான். அவனுடைய நேர்காணலில் ஒரு வரி: “நான் எது தெரியலைன்னுலாம் சொல்ல மாட்டேன் மிஸ். ‘இன்னொரு தடவ அந்த வரியச் சொல்லுங்க’ம்பேன்.” அவனிடமும் சந்தேகத்துக்குச் சொல் இல்லை. வரியை விரல் நீட்டிக் காட்டும் ஒரு தந்திரம் மட்டும் இருக்கிறது. விளக்கம் உடையவில்லை, கூர்மையாகிவிட்டது: எது புரியவில்லை என்று சொல்லத் தெரிய வேண்டாம், எங்கே நின்றுபோனோம் என்று காட்டத் தெரிந்தால் போதும்.

எப்போது நிறுத்துவது என்று கேட்பார்கள். புதிய சீட்டுகளைப் படித்தும் புதிய குறியீடு தேவைப்படாமல், இருப்பவற்றுக்குள்ளேயே எல்லாம் வந்து சேரத் தொடங்கினால் போதுமான அளவு பார்த்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். வருடம் முடிவதற்குள் மாற்றிப் பார்க்கவும் நேரம் வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள்.

திரும்ப வகுப்புக்கு

செயல் ஆராய்ச்சியில் அறிக்கை முடிவு இல்லை, சுற்றின் நடுப்புள்ளி. ஆசிரியை இரண்டு மாற்றங்கள் செய்தார். “புரிஞ்சுதா?” என்று கேட்பதை விட்டுவிட்டு, “எந்த வரி வரைக்கும் உங்களுக்குப் புரிஞ்சு வந்தது?” என்று கேட்கத் தொடங்கினார். பலகையில் ஒவ்வொரு வரிக்கும் எண் போட்டார். மாணவர்கள் விரலால் எண்ணைக் காட்டினால் போதும். இரண்டாவதாக, கேட்டபிறகு காத்திருந்தார். கேள்வி கேட்டதும் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிகூடப் பொறுப்பதில்லை என்றும், அதை 3 விநாடியாக நீட்டினால் மாணவர் பதில்கள் நீள்கின்றன, பேசாதவர்களும் பேசத் தொடங்குகிறார்கள் என்றும் 1970களில் கல்வி ஆராய்ச்சியாளர் மேரி பட் ரோ காட்டியிருக்கிறார். மூன்று விநாடி வகுப்பில் நிற்கும்போது மிக நீளமாகத் தெரியும். மனதுக்குள் எண்ணிக்கொண்டால்தான் முடியும்.

மூன்று வாரம் கழித்து மறுபடி சீட்டு வாங்கினார். மறுபடி எண் போட்டு, நெடுவரிசை பிரித்து, குறியிட உட்கார்ந்தார். பேர் எழுதாத சீட்டுதான், ஆனால் கூராகச் சீவிய பென்சிலில் மெல்லிய எழுத்து.

“ரெண்டாவது வரி வரைக்கும் வந்தது. மூணாவது வரில, கழிச்சிட்டு இருந்த ஏழு சமக்குறிக்கு அந்தப் பக்கம் போனதும் ஏன் கூட்டலாச்சு?”

இருந்த ஐம்பது குறியீட்டில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. ஆசிரியை குறியீட்டுப் பட்டியலின் அடியில் புதிதாக ஒன்று எழுதினார்: ‘நின்ற இடத்தைக் காட்டிக் கேட்டல்’.